லயத்துக்கு வைஃபை வேண்டும், அதற்கு முன் ஒரு முகவரி வேண்டும்

"வீட்டுச் சொந்தக்காரர் யார்?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தொரையும் அல்ல, அரசியல்வாதியும் அல்ல. டவுனில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தின் கவுண்டரில் இருந்த இளைஞர். மரியாதையாகத்தான் கேட்டார். எங்களுடன் வந்திருந்தவர் எமது டிவிசனில் 19 வருடமாகக் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா. மகளுக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. வீட்டுக்கு ஒரு ரவுட்டர் எடுத்துவிட வேண்டும் என்று சீட்டுக் காசில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருந்தார். அன்றைய பேர் போனால் போகட்டும் என்று மலைக்குப் போகாமல் எங்களோடு பஸ் ஏறினார்.

விண்ணப்பப் படிவத்தில் முதலில் பெயர், அடுத்தது அடையாள அட்டை இலக்கம். அதுவரை சிக்கல் இல்லை. மூன்றாவது முகவரி. தோட்டத்தின் பெயர், டிவிசன், லயம் 4, காம்பிரா 7 என்று சொன்னோம். கணினியில் அந்தக் கட்டத்துக்குள் "வீட்டு இலக்கம், வீதி" என்று இருந்தது. சரி, முகவரியை உறுதிப்படுத்த உங்கள் பெயரில் வந்த மின்சார பில் அல்லது தண்ணீர் பில் தாருங்கள் என்றார். மின்சார பில் இறந்துபோன மாமனாரின் பெயரில் வருகிறது. தண்ணீருக்குப் பில் கிடையாது. ஓடையிலிருந்து நாமே குழாய் போட்டு இறக்கிய தண்ணீருக்கு யார் பில் அனுப்புவார்? அப்படியானால் வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றார் அந்தத் தம்பி. அப்போதுதான் மேலே சொன்ன கேள்வி வந்தது.

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "தொரையா மாஸ்டர்?" என்றார்.

மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் வீடு. அந்தக் காம்பிராவில்தான் அவருடைய கணவர் பிறந்தார். இஸ்தோப்பை இழுத்துக் கட்டி ஓர் அறை ஆக்கியது அவர்களுடைய காசு. கூரைத் தகரம் மாற்றியதும் அவர்கள்தான். ஆனால் ஒரு ரவுட்டருக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குக்கூட அது அவர்களுடைய வீடு இல்லை. தோட்டக் காரியாலயத்தில் கடிதம் கிடைக்க மூன்று வாரமானது. மறுபடி ஒரு நாள் பேர் போனது. இணைப்புக்குக் கட்டிய பணத்தோடு இந்த இரண்டு நாளையும் சேர்த்துத்தான் அக்கா கணக்குச் சொல்கிறார்.

நமது சங்கத்துக்குள்ளேயே சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சம்பளப் பிரச்சினை தீரவில்லை, லயம் ஒழுகுகிறது, வைத்தியசாலைக்கு ரோட்டு இல்லை, இந்த நேரத்தில் வைஃபையா என்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மூத்த தலைவர்கள் கேட்டால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒன்றை அவர்கள் கவனிக்கவில்லை. இன்டர்நெட்டுக்கு நாம் ஏற்கனவே காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், அதுவும் சில்லறையாக. ஒரு வீட்டில் மூன்று போன் இருக்கிறது, ஒரு போனுக்கு வாரம் 200 ரூபாய் ரீலோட் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மாதம் 2,400 ரூபாய். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 சதவீதம் கழித்தால் கைக்கு வந்தது 1,242. ஆக, அந்தச் சம்பளத்தில் கிட்டத்தட்ட இரண்டு நாள் பேர் ரீலோட் கடைக்குப் போனது. அரிசியைக் கிலோ கிலோவாக வாங்குகிறவனுக்கும் மூட்டையாக வாங்குகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இதிலும் உண்டு. ஏழைக்குத்தான் எல்லாமே சில்லறை விலை.

காசு ஒரு பக்கம். எங்களை இதை எழுத வைத்தது வேறொரு சம்பவம். உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது இப்போது இணையவழியில்தான். எந்தப் பாடநெறி முதல் விருப்பம், எது இரண்டாவது, எந்தப் பல்கலைக்கழகம் என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். வெட்டுப்புள்ளியோடு இந்த வரிசையும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளை எங்கே போகிறது என்பதைத் தீர்மானிக்கும். நாங்கள் படிப்பித்த ஒரு பிள்ளை டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் இதை நிரப்பியது. கடையில் சனம். தட்டச்சுச் செய்தவருக்கு அவசரம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, பிள்ளை "சரி அண்ணே, சரி அண்ணே" என்று தலையாட்டிவிட்டு, பிரிண்ட் எடுத்த தாளை பஸ்சில் வைத்துத்தான் படித்துப் பார்த்தது. மூன்றாவதாக இருக்க வேண்டியது முதலாவதாக இருந்தது. இன்றைக்கு அந்தப் பிள்ளை விரும்பாத ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறது. நன்றாகத்தான் படிக்கிறது என்பது வேறு விடயம். அந்தப் படிவத்தை வீட்டில் அம்மா பக்கத்தில் இருக்க, இரண்டு நாள் யோசித்து, ஆசிரியரிடம் போனில் கேட்டு நிரப்பியிருந்தால் இது நடந்திருக்காது. கொழும்பில் ஒரு பிள்ளை அப்படித்தான் நிரப்புகிறது.

கொரோனா காலத்தை நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. "வீட்டிலிருந்தே கற்போம்" என்றார்கள். பாடங்கள் வட்சப்பில் வந்தன. எங்கள் பாடசாலையில் எத்தனை பிள்ளைக்கு அது போய்ச் சேர்ந்தது என்று வகுப்பு வகுப்பாகப் பார்த்தபோது, பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் வராத வகுப்பைப் போல இருந்தது. போன் இருந்த வீட்டில் கவரேஜ் இல்லை, கவரேஜ் இருந்த வீட்டில் அப்பா போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். 2021 இல் பதுளை மாவட்டத்தில் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழி நடந்து பாறை உச்சிக்கு ஏறிப் படித்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. அது சிங்களக் கிராமம். அதனால்தான் சொல்கிறோம், இது ஓர் இனத்தின் குறை மட்டும் அல்ல. மலையில் வாழ்கிறவர் எல்லோருக்கும் இருக்கும் குறை. தோட்டத்தில் அதற்கு மேல் இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஒக்டோபர் வரை அது நீடித்தது. கோரிக்கை நியாயமானது, நாங்களும் அதில் நின்றோம். ஆனால் நிறுத்தியது தெரியவே தெரியாத பிள்ளைகள் எமது டிவிசனில் இருந்தார்கள். அவர்களுக்கு அது தொடங்கியதும் தெரியாது. வேலைநிறுத்தம் செய்தும் யாரும் கவனிக்காத இடம் இருக்கிறது என்றால், அந்த இடத்துக்குச் சேவையே போகவில்லை என்றுதானே பொருள்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவைக் கணக்கெடுக்கும்போது நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. எந்த வருடத்து அறிக்கையை எடுத்தாலும் கடைசி வரி நம்முடையது. இதைப் பிள்ளைகளின் மந்தம் என்றோ பெற்றோரின் அக்கறையின்மை என்றோ விளக்குகிறவர்கள் ஒரு தடவை எங்களோடு அந்தக் கவுண்டருக்கு வரலாம்.

பூட்டு என்றோமே, அது புதியதல்ல. ஒரு காலத்தில் தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய வேண்டுமானால் தொரையின் அனுமதி வேண்டும். கோ. நடேசய்யர் நமது மக்களின் நிலையைப் பார்க்கப் புடவை வியாபாரி வேடம் போட்டுத்தான் தோட்டங்களுக்குள் போனார். 1931 இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கிய மனிதருக்கே அந்த நிலை. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துக்குள் நுழையலாம் என்று ஒரு சட்டம் வர 1970 ஆகவேண்டியிருந்தது. பிரதேச சபைகளுக்கான சட்டம் 1987 இல் வந்தது. ஆனால் தோட்டத்துக்குள் மற்ற இடங்களைப் போல அவை செலவு செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, 2018 இல் திருத்தும் வரைக்கும். முதலில் ஆளை நிறுத்தினார்கள், பிறகு சபையை. இப்போது கேபிளின் முறை.

டவுனில் இருந்து மெயின் ரோட்டோரம் ஃபைபர் கேபிள் போகிறது. பங்களாவுக்கும் ஃபெக்டரிக்கும் ஒரு கிளை ஏறுகிறது. லயத்துக்கு வரவேண்டுமானால் தேயிலை மலைக்குள் போஸ்ட் நட வேண்டும். அதற்கு அனுமதி யார் தருவது? காணி அரசாங்கத்தினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது. குடியிருப்பது நாம். போஸ்ட்காரர் கம்பனியைக் கேட்கச் சொல்கிறார், கம்பனி மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்கிறது, மேலிடத்தில் கோப்பு இருக்கிறது. இதற்கிடையில் நமது மலை உச்சிகளில் டவர்கள் நிற்கின்றன. பிதுருதலாகலை உச்சியிலிருந்துதான் நாடு தொலைக்காட்சி பார்க்கிறது. ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுக்கும் மலையின் அடிவாரத்தில் நாம் ஜன்னலோரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

வேறு இடங்களில் இந்தப் போஸ்ட்டுக் கதையை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்பது நமக்கு உதவும். கேரளத்தில் அரசாங்கமே கே-ஃபோன் என்று ஒரு ஃபைபர் வலையமைப்பை அமைத்து 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைத்தது. புதிதாகப் போஸ்ட் நடவில்லை, மின்சார சபையின் போஸ்ட்டுகளிலேயே கேபிளைக் கட்டினார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 20 இலட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அவர்களுடைய இலக்கு. அந்த இலக்குக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது, மெதுவாகத்தான் நடக்கிறது என்று அங்கேயே குறை சொல்கிறார்கள். ஆனால் யோசனையைப் பாருங்கள். வெளிச்சம் போன வழியில் இன்டர்நெட்டும் போகட்டும் என்கிறார்கள். நமது லயத்துக்கும் மின்சார போஸ்ட் வந்திருக்கிறதே. இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் பக்கத்தில் கம்பனிகள் எட்டிப் பார்க்காத கிராமங்களில், 2011 இல் ஊர் மக்களே ஒரு கூட்டுறவு போலச் சேர்ந்து, தாங்களே கான் வெட்டி ஃபைபர் புதைத்தார்கள். பி4ஆர்என் என்பது அதன் பெயர். தங்கள் காணி வழியாகக் கேபிள் போகக் காணிக்காரர்கள் காசு வாங்காமல் விட்டதால்தான் அது முடிந்தது. கான் வெட்ட நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, 200 வருடமாக வெட்டுகிறோம். காணிக்காரர் சம்மதம்தான் நம்மிடம் இல்லை.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்துவிட்டது, வானத்திலிருந்து வருவதற்குத் தொரையின் அனுமதி தேவையில்லை என்று இளைஞர்கள் கேலியாகச் சொல்கிறார்கள். அந்தக் கருவியின் விலையைக் கட்ட நம்முடைய சில மாதச் சம்பளம் முழுதாக வேண்டும். அதுவும் போக, அந்தத் தட்டை எந்தக் கூரையில் பூட்டுவது? கூரை யாருடையது?

ஆக, இன்றைய நிலையில் பெரும்பாலான லயங்களுக்குக் கைக்கெட்டுவது சிம் போட்டு ஓடும் 4ஜி ரவுட்டர்தான். போஸ்ட் வேண்டாம், கேபிள் வேண்டாம். போன் எப்படி டவரிலிருந்து சிக்னல் எடுக்கிறதோ அதேபோல் இதுவும் எடுத்து, வீட்டுக்குள் வைஃபையாகப் பிரித்துக் கொடுக்கிறது. அக்கா வாங்கியதும் இதுதான். அவருடைய வீட்டிலும் அதன்பின் இன்னும் சில வீடுகளிலும் நாங்கள் பூட்டிப் பார்த்துக் கற்றதைச் சொல்கிறோம். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார்.

வாங்குவதற்கு முன் கவரேஜைச் சோதியுங்கள். பக்கத்து வீடுகளில் வெவ்வேறு கம்பனி சிம் உள்ள போன்களை இரவல் வாங்கி, ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்து ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு நல்ல ஸ்பீட் என்று ஏமாறாதீர்கள். அந்த நேரம் எல்லோரும் மலையில், டவர் சும்மா இருக்கும். இரவு ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் போனைத் திறந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பிள்ளை படிக்கப்போகும் நேரம் அதுதானே.

வைக்கும் இடம் முக்கியம். எங்கள் சனம் புதுச் சாமானை அலமாரிக்குள் வைத்துப் பூட்டும், அல்லது சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூப்போடும். இரண்டும் வேண்டாம். லயத்தின் கருங்கல் சுவரும் தகரக் கூரையும் சிக்னலுக்குப் பெரிய எதிரிகள். தகரம் சிக்னலைத் திருப்பி அடித்துவிடும். டவர் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஜன்னலில், ஆள் உயரத்துக்கு ஒரு பலகை அடித்து வையுங்கள். ஒரு முழம் தள்ளி வைத்தாலே மாற்றம் தெரியும். அக்கா வீட்டில் அடுப்படிப் பக்கத்து ஜன்னல்தான் சரிவந்தது. புகை படாமல் தள்ளி ஒரு தட்டு அடித்தோம். பனி மூடினால் கவரேஜ் போகிறது என்று நாம் சொல்வது வழக்கம். பனி இந்தச் சிக்னலை அவ்வளவாகத் தடுப்பதில்லை. கரண்ட் போய், டவரின் பெற்றரியும் இறங்கினால்தான் கவரேஜ் போகிறது. பனியும் மழையும் உள்ள நாளில்தான் மரம் விழுந்து கரண்ட் போகும், அதனால் பழி பனிமேல். 2022 இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இதை நன்றாகப் பார்த்தோம்.

ரவுட்டருக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் வைஃபையின் பெயர், பாஸ்வேர்ட், 192.168 என்று தொடங்கும் ஓர் இலக்கம் எல்லாம் எழுதியிருக்கும். போனில் அந்த வைஃபையைப் பிடித்து, இணையப் பக்கம் திறக்கும் இடத்தில் அந்த இலக்கத்தை அடித்தால் ரவுட்டரின் உள்ளே போகலாம். முதல் நாளே இரண்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஒன்று வைஃபை பிடிப்பதற்கானது, மற்றது உள்ளே போவதற்கானது. இரண்டாவதைப் பலர் மாற்றுவதில்லை. மாற்றாவிட்டால் உங்கள் வைஃபையைப் பிடித்தவன் எவனும் உள்ளே போய் உங்களையே வெளியே தள்ளலாம். பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது அதற்கு மேற்பட்டது இருக்கட்டும். பாஸ்வேர்ட் பிள்ளையின் பிறந்த திகதியாகவோ அப்பாவின் பெயராகவோ இருக்கக்கூடாது, லயத்தில் அது எல்லோருக்கும் தெரியும். 2.4, 5 என்று இரண்டு வைஃபை தெரிந்தால், பக்கத்து அறைக்கு 2.4 ஐப் பிடியுங்கள், அதுதான் சுவர் தாண்டும். ரவுட்டர் இருக்கும் அறைக்குள் 5 வேகமானது.

கரண்ட் பில் ஏறிவிடும் என்று பயப்பட வேண்டாம். 10 வாட் எடுக்கும் ரவுட்டர் இரவு பகலாக ஓடினாலும் மாதம் 7 யூனிட் சொச்சம்தான். இடி மின்னல் மாதங்களில், விசேடமாக ஒக்டோபர், நவம்பரில், பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அமர்த்தினால் மட்டும் போதாது.

டேட்டா பொதியில் சிலவற்றுக்குப் பகல் வேறு, நடுநிசிக்குப் பின் வேறு என்று அளவு பிரித்திருப்பார்கள். மொத்த அளவைப் பெரிதாகப் போட்டு, பாதி இரவு ஒரு மணிக்குத்தான் பாவிக்கலாம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதிகாலை நாலரைக்கு எழும்பி மலைக்குப் போகிறவர்களுக்கு அது எதற்கு? கேட்டு எடுங்கள். வீடியோவை 480 இல் பார்த்தால் மணித்தியாலத்துக்கு அரை ஜிபி அளவு போகும், தரத்தைக் கூட்டினால் அது இரண்டு மூன்று மடங்காகும்.

பக்கத்து வீடுகளோடு பகிரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். லயத்தில் பகிராமல் எதுதான் நடந்தது? ஒரு ரவுட்டர் இரண்டு பக்கமும் ஓரிரு காம்பிராவுக்கு எட்டும். ஆனால் பெயர் யாருடையதோ பொறுப்பும் அவருடையது. அந்த இணைப்பில் எவராவது செய்யும் வில்லங்கத்துக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். காசுக்கு விற்பதைப் பொதுவாகக் கம்பனிகள் அனுமதிப்பதில்லை. ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனி வைஃபை திறக்கும் வசதி இருந்தால் அதைக் கொடுங்கள், உங்கள் சொந்த பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். எமது டிவிசனில் இரண்டு வீட்டார் இப்படிச் சேர்ந்து எடுத்து, பன்னிரண்டாம் திகதியே டேட்டா முடிந்து, "உன் மகன் பார்த்த கிரிக்கெட்டா, என் மகள் பார்த்த பாடமா" என்று சண்டை மாதர் சங்கத் தலைவி வரைக்கும் வந்தது. தலைவி போனில் கணக்கைத் திறந்து பார்த்தார். இரண்டும் இல்லை, மாமா இரவிரவாகப் பார்த்த பழைய படங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. போன் வீட்டுக்கு ஒன்று என்றால் அது ஆண்பிள்ளை கையில்தான். ரீலோட்டும் அவர்தான் போடுகிறார். ரவுட்டர் வந்த வீடுகளில் அம்மாவின் பழைய போனுக்கும், திரை வெடித்ததாயினும், வேலை வந்துவிட்டது. வைஃபை ஆள் பார்க்காது. சேமலாப நிதிக் கணக்கில் தம் பெயரில் என்ன இருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம் என்பதே பல அக்காமாருக்கு இப்போதுதான் தெரிகிறது. ஆனால் அதே வழியில் கடன் ஆப்பும் வரும். நுண்கடன்காரன் வாசலுக்கு வந்து கத்தியது போதாது என்று, இப்போது போனில் இருக்கும் எல்லா இலக்கத்துக்கும் செய்தி அனுப்பி மானத்தை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம், வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்றால் வெட்டிவிடுங்கள். இதைச் சொல்லிக்கொடுப்பதும் சங்கத்தின் வேலைதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இதெல்லாம் நாம் செய்துகொள்ளக்கூடியவை. நாம் தனித்தனியாகச் செய்ய முடியாத ஒன்றுதான் அந்த முகவரி. 7 பேர்ச் காணியும் உறுதியும் கிடைத்த குடும்பங்கள் கவுண்டரில் இந்த அலைச்சல் படுவதில்லை, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்திய வீடமைப்பில் முதலில் 4,000 வீடு, 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி வந்து மேலும் 10,000 என்றார். எண்ணிக்கையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த வீடுகளில் ஒரு கடிதம் நேரே வாசலுக்கு வருகிறதா, ஒரு பில் அந்த ஆளின் பெயருக்கு வருகிறதா என்பதைப் பேசுவதில்லை. லயத்தில் உள்ளவர்களின் கடிதம் இன்னமும் காரியாலயத்துப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த இளைஞர்கள் நமது ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். ரவுட்டர் அந்தப் பழைய காயத்தை மறுபடி கிளறியிருக்கிறது, அவ்வளவே.

ஆகவே சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வைக்க வேண்டும் என்கிறோம். "இன்ன லயத்தில் இன்ன காம்பிராவில் இவர் குடியிருக்கிறார்" என்ற கடிதத்தைக் கேட்டு ஒரு வாரத்துக்குள், காசில்லாமல், தோட்டக் காரியாலயம் தர வேண்டும். அது தொரையின் தயவாக இருக்கக்கூடாது, எழுத்தில் வர வேண்டும். லயத்துக்கும் காம்பிராவுக்கும் இலக்கம் கொடுத்து கிராம உத்தியோகத்தரிடமும் தபாற் கந்தோரிலும் பதிய வேண்டும். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் ஒன்றே போதும் என்று தொலைத்தொடர்புக் கம்பனிகள் ஏற்க வேண்டும், அதை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மின்சார போஸ்ட் வந்த லயத்துக்கு அதே போஸ்ட்டில் கேபிள் வருவதைக் கம்பனி தடுக்கக்கூடாது. தேர்தல் நேரத்தில் பாடசாலைக்கு நாலு டெப் கொடுத்துப் படம் எடுக்கிறவர்களிடம் நாம் இதைக் கேட்போம். டெப்பை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

வருகிற சந்தா நாளில் ஒவ்வொரு வீட்டாரும் கடைசியாக வந்த மின்சார பில்லைக் கொண்டுவாருங்கள். யாருடைய பெயரில் வருகிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, இப்போது அந்தக் காம்பிராவில் இருப்பது யார் என்று லயம் லயமாக ஒரு கொப்பியில் எழுதப்போகிறோம். பெயர் மாற்றத்துக்கான படிவங்களை நிரப்ப உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் வருகிறார்கள். அடையாள அட்டையும், இறந்தவர் பெயரில் பில் வருகிறவர்கள் மரணச் சான்றிதழும் கொண்டுவர மறக்க வேண்டாம். மரணச் சான்றிதழ் கையில் இல்லாதவர்கள் முன்கூட்டியே தலைவரிடம் சொன்னால் பிரதேச செயலகத்துக்கு ஒன்றாகப் போகலாம், பஸ் காசு மிஞ்சும்.